டிட் வந்ததும் வென்ட் எங்கே போனது?

கேள்வி: என் மகன் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறான். போன வாரம் ஆங்கிலக் கட்டுரையில் 'ஷீ டிட் நாட் வென்ட் டு ஸ்கூல்' என்று எழுதியிருந்தான். டீச்சர் வென்ட்டைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மேலே 'கோ' என்று எழுதிவிட்டார். நேற்று நடந்ததுதானே, அப்புறம் ஏன் கோ என்று என்னைக் கேட்கிறான். புத்தகத்தில் முதன்மை வினை, துணைவினை என்று என்னவோ இருக்கிறது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். அவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது?
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: சகோதரி, நீங்கள் படித்த அந்தத் தமிழே இதற்குப் போதும், நம்புங்கள். 'அவள் பள்ளிக்குப் போனாள்' என்பதை இல்லை என்று மாற்றிச் சொல்லுங்கள் பார்ப்போம். 'போகவில்லை' என்றுதானே சொல்வீர்கள்? 'போனவில்லை' என்று யாராவது சொல்வார்களா? 'இல்லை' வந்து ஒட்டியதும் 'போனாள்' தன் காலத்தை இறக்கி வைத்துவிட்டு வெறும் 'போக' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதேதான். டிட் வந்து இறந்த காலத்தைத் தூக்கிக்கொண்டது, அதனால் வென்ட் வெறும் கோ ஆனது. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுவது 'போனவில்லை' என்று சொல்வது மாதிரி. இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வான்.

இப்போது அந்த இரண்டு பெயர்களுக்கு வருவோம். தோட்டத்தில் ரப்பர் பால் எடுப்பதை 'நான் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்' என்கிறோம். செய்த வேலை எது? வெட்டுவது. எப்போது, யார் என்று சொல்வது எது? கடைசியில் நிற்கிற 'இருந்தேன்'. வெட்டிக்கொண்டிருக்கிறாள், வெட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எப்படி மாற்றினாலும் 'வெட்டி' அசையாது, வால்தான் மாறும். வேலையைச் சொல்கிற வெட்டுதான் முதன்மை வினை, காலத்தைச் சுமக்கிற 'இரு'தான் துணைவினை. ஆங்கிலத்தில் இது 'ஐ வாஸ் டேப்பிங்'. வாஸ் துணைவினை, டேப்பிங் முதன்மை வினை. நமக்குத் துணைவினை பின்னால் வரும், அவர்களுக்கு முன்னால் வரும், பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆங்கிலத்தில் பீ, ஹேவ், டூ என்ற மூன்றும் அவற்றின் மாற்று வடிவங்களான இஸ், வாஸ், ஹேஸ், டஸ், டிட் போன்றவையும் துணைவினையாக வரும். இவை போக கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று ஒன்பது உண்டு. இந்த ஒன்பதுக்கும் டூ, டஸ், டிட்டுக்கும் பிறகு வினை வெறும் வடிவத்தில்தான் நிற்கும். 'டஸ் ஷீ கோஸ்' தப்பு, 'ஹீ கேன் சிங்ஸ்' தப்பு. ஹேவ், ஹேஸுக்குப் பிறகு கான், ஈட்டன் போன்ற மூன்றாம் வடிவம் வரும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலாய் மொழியில் வினை காலத்துக்காக மாறவே மாறாது. 'சாயா மாக்கான்', 'சாயா சூடா மாக்கான்', 'சாயா அக்கான் மாக்கான்', எல்லாவற்றிலும் சாப்பிடுவதைச் சொல்லும் அதே மாக்கான்தான். அந்தப் பழக்கத்தில் 'ஐ ஆல்ரெடி ஈட்' என்று வந்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் அது 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்று இருக்க வேண்டும். கடைத்தெருவில் 'கேன் லா' என்று சொல்வதும் அப்படித்தான், பேச்சுக்குச் சரி, அதற்காகப் பையனைத் திட்டாதீர்கள். எழுதும்போது மட்டும் 'யெஸ், ஐ கேன்' என்று எழுதச் சொல்லுங்கள்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அவன் கட்டுரை நோட்டை எடுத்து, ஒரே ஒரு பக்கத்தில், துணைவினைக்கெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். டிட்டில் கோடு விழுந்தால் அடுத்த வினையை அவனே பார்க்கட்டும், அதிலும் காலம் ஏறியிருந்தால் இறக்கிவிடுவான். நீங்கள் ஆங்கிலம் பேச வேண்டியதே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

கேள்வி: ஹேவ் ஒரு இடத்தில் முதன்மை வினை என்கிறார்கள், இன்னோர் இடத்தில் துணைவினை என்கிறார்கள். எதுதான் சரி?
(படிவம் மூன்று மாணவி, அதே ஊர்)

பதில்: இரண்டும் சரிதான் தங்கச்சி. 'ஐ ஹேவ் எ பைசிக்கிள்' என்பதில் வேறு வினையே இல்லை, ஹேவ்தான் முதன்மை வினை. 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' என்பதில் வேலையை ஃபினிஷ்ட் சொல்லிவிடுகிறது, ஹேவ் துணைக்கு நிற்கிறது. 'ஐ ஹேவ் டு கோ' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். பின்னால் கோ இருக்கிறதே என்று துணைவினைக் கணக்கில் சேர்த்து 'ஐ ஹேவ் நாட் டு கோ' என்று எழுதிவிடாதே, இல்லை என்று சொல்ல 'ஐ டோன்ட் ஹேவ் டு கோ' என்று டூவைக் கூப்பிட்டுக்கொள்.