பயிற்சியில் நன்றாகப் பந்து போடும் இளம் சாஃப்ட்பால் பிட்சர் (பந்து வீசுபவர்), ஆட்டத்தில் தடுமாறுவது ஏன்?

இது திறமைக் குறைவு அல்ல. பதற்றத்தில் உடல் இறுகிப்போவது. நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோட்டமாகும், விரல்கள் பந்தை அழுத்திப் பிடிக்கும். கையைச் சுழற்றி வந்து இடுப்பருகே பந்தை விட வேண்டும். இறுகிய கை கொஞ்சம் தாமதமாக விட்டால் பந்து மேலே போகும், முந்தினால் தரையில் குத்தும். பேட்டர் நிற்கும் இடம் வரையுள்ள 43 அடி தூரத்துக்கு, வீசும் கோணம் ஒரே ஒரு டிகிரி மாறினாலும் பந்து சுமார் 9 அங்குலம் விலகிவிடும்!

அப்புறம், யோசனை. வேகமாகப் படி இறங்கும்போது எந்தக் கால் எங்கே என்று யோசித்தால் கால் இடறும். கையும் அப்படித்தான். அதனால் ஆட்டத்தின் நடுவே பெஞ்சிலிருந்து "முழங்கையைப் பார், இடுப்பைத் திருப்பு" என்று கத்தாதீர்கள், பாவம் குழந்தை.

ஒவ்வொரு பந்துக்கும் முன் ஒரே வழக்கம் இருக்கட்டும்: ஓரடி பின்வாங்கி, கையை உதறி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) கையுறையை மட்டும் பார்ப்பது. பயிற்சியிலும் அழுத்தத்தைக் கொண்டுவாருங்கள். மூன்று பால் (குறி தவறி, பேட்டர் அடிக்காமல் விட்ட பந்துகள்), இரண்டு ஸ்ட்ரைக் (பிட்சருக்குச் சாதகமாக எண்ணப்படும் பந்துகள்), ரன் எடுக்கக் கடைசிக் கட்டமான மூன்றாம் பேஸில் ஓட்டக்காரர், எதிரே பேட்டர் என்று வைத்து, ஒரே ஒரு பந்து போடச் சொல்லுங்கள். நிதானமாக நூறு பந்து போடுவதைவிட இது அதிகம் உதவும்.

நல்ல பிட்சருக்குப் பதற்றமே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கும் வரும், அதோடேயே பந்து போடப் பழகியிருக்கிறார்கள்.