எட்டடி ரூம் (கடிதமும் பதிலும்)

சார், நைரோபில ரெண்டு வருஷமா வேலை பாக்கறேன். நீங்க எழுதுனத நம்பி கென்யா கடலோரத் தீவு லாமுக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்குனேன். சந்து பூரா கழுதை விட்டை. ரூம் ரயில் பெட்டி மாதிரி ஒடுக்கம். டிசம்பர்ல தான்சானியா பக்கம் ஜான்சிபார் தீவுக்குப் போகலாமா, இல்ல கில்வாவா?
– எஸ்.

அன்புள்ள எஸ்,

ஜான்சிபார் போங்க, சாப்பாடு நல்லாருக்கும். கில்வா 1331ல மொராக்கோ பயணி இபின் பதூதா பாராட்டிட்டுப் போன ஊருதான், ஆனா இப்ப இடிஞ்ச பள்ளிவாசலும் அரண்மனையும்தான், போயிட்டு வந்து என்னைத் திட்டி இன்னொரு கடிதம் போடுவீங்க. கழுதைய விடுங்க, கார் நுழையாத சந்துல மூட்டைய வேற யாரு சுமப்பா?

ஆனா அந்த ரூம். ஒரு வாரமா எனக்கும் அதே நெனப்புதான், அதான் உக்காந்து எழுதறேன். ரெண்டு ராத்திரி மல்லாந்து படுத்திருக்கீங்க, மேல என்ன இருக்குன்னு பாத்தீங்களாய்யா? வரிசையா கம்பு இருந்திருக்குமே, அதுக்குப் பேரு போரிட்டி. உப்பங்கழில வளர்ற சுரபுன்னை. அதுக்கு மேல பவளக்கல்லும் சுண்ணாம்பும் போட்டு தளம் கட்டுவாங்க, அந்த கனத்துக்கு எட்டு ஒம்போது அடி தாண்டுனா கம்பு தாங்காது, அதனால எவ்ளோ பெரிய வியாபாரியா இருந்தாலும் வீட்ட நீளத்துல இழுத்துக்கலாம், மாடி மேல மாடி ஏத்திக்கலாம், சுவத்துல மாடம் மாடமா வெச்சு சீனாப் பீங்கான் அடுக்கலாம், அகலம் மட்டும் கம்பு சொல்றதுதான். இதே கம்புதான் கப்பலேறி மரம் இல்லாத பாரசீக வளைகுடா ஊருக்கெல்லாம் போச்சு, அங்கயும் பழைய வீட்டு ரூமெல்லாம் இதே ஒடுக்கந்தான்! நீங்க டிக்கெட் போடற அதே டிசம்பர்லதான் அந்தக் காலத்துல கஸ்காஸிங்கற வடகிழக்குக் காத்தப் புடிச்சு பாய்மரக் கப்பல் தெக்க வரும், ஏப்ரல் வாக்குல குஸிங்கற தென்மேற்குக் காத்தா திரும்புனதும் கம்ப ஏத்திக்கிட்டு கெளம்பும்.

கோவிச்சுக்காதீங்க, நானும் இதே புகார் சொன்னவந்தான். இன்னும் ரெண்டடி அகலமா கட்டியிருக்கலாமேன்னு வீட்டுக்காரப் பெரியவர்கிட்ட கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே கையப் புடிச்சு வாசல் திண்ணைக்குக் கூட்டிட்டு வந்தாரு, பராஸாம்பாங்க. இஞ்சி போட்ட கடுங்காப்பி, சின்னக் கிண்ணத்துல. ராத்திரி பத்து மணி வரைக்கும் போற வர்றவன்லாம் உக்காந்து எந்திரிச்சுப் போனான், எனக்கு ரூம் ஞாபகமே வரல.

நீங்க தங்குன வீட்டுலயும் திண்ணை இருந்திருக்குமே? கடிதத்துல அதப்பத்தி ஒரு வரி இல்ல.