தெர்மாகோல் எரிமலை வேண்டாம், நான்கு கைக்குட்டை போதும்

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் ஒரு சின்னப் பள்ளியில் சீனியர் கேஜி டீச்சராக இருக்கிறேன். வகுப்பில் 28 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தமிழ். ஆகஸ்ட் கடைசியில் அறிவியல் கண்காட்சி வைக்கச் சொல்லிவிட்டார் பிரின்சிபால். போன வருடம் மாடல்களை எல்லாம் பெற்றோர்தான் செய்து கொடுத்தார்கள், சிலர் கடையிலேயே வாங்கிவிட்டார்கள். லேப் கிடையாது, பணமும் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியலைப் புராஜெக்டாக எப்படிச் சொல்லித் தருவது? நேரு சயின்ஸ் சென்டருக்குக் கூட்டிப் போனால் போதாதா?
— பெயர் வேண்டாம், மும்பை

பதில்: முதலில் கண்காட்சி என்றாலே பலரும் செய்யும் அந்தத் தெர்மாகோல் எரிமலை மாடலை ஓரங்கட்டுங்கள். ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும், பிள்ளைகள் கை தட்டுவார்கள், அவ்வளவுதான். நிஜ எரிமலை அப்படி வெடிப்பதும் இல்லை. போதாததற்கு, தெர்மாகோல் அலங்காரத்தை மகாராஷ்டிர அரசு 2018-லேயே தடை செய்துவிட்டது!

மழைக்காலத்தில் உங்கள் ஏரியாவில் எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல்தானே, துணி காயவில்லை என்று? அதுதான் உங்கள் புராஜெக்ட். ஒரே மாதிரி மெல்லிய பருத்திக் கைக்குட்டை நான்கு எடுத்து நனைத்து, நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். ஒன்றை மின்விசிறிக்குக் கீழே விரித்துக் கட்டுங்கள், ஒன்றை ஜன்னல் கம்பியில் போடுங்கள். மூன்றாவதை மூடிய டப்பாவில் வையுங்கள், நான்காவதைப் பந்து மாதிரி சுருட்டி மேசைமேல் விடுங்கள். வகுப்பை ஏழேழு பேராகப் பிரித்து ஒரு குழுவுக்கு ஒரு கைக்குட்டை. "எது முதலில் காயும்?" என்று கேட்டு, ஆளுக்கொரு துணி கிளிப்பைக் கொடுங்கள். நான்கு கைக்குட்டைக்கும் தனித்தனியே படம் வரைந்து வைத்தால், எது என்று நினைக்கிறார்களோ அதன் படத்தில் போய் மாட்டட்டும். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று பார்த்தாலே புரியும்.

அப்புறம் அரை மணிக்கொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய நியூஸ்பேப்பரில் அழுத்தினால் ஈரத் தடம் விழும். அந்தத் தடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டால் அதுவே அவர்கள் பதிவேடு. இன்னொன்றும் செய்யலாம். ஒரு ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஈரக் கைக்குட்டை மாட்டி, ஒன்றை விரித்தும் ஒன்றை நன்றாக மடித்தும் விட்டு, கிளிப்பை நகர்த்திச் சமமாக்குங்கள். விரித்த பக்கம் சீக்கிரம் காய்ந்து மேலே எழும். தண்ணீருக்கு எடை உண்டு, அது போய்க்கொண்டிருக்கிறது என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும்.

தண்ணீர் எங்கே போச்சு என்று கேளுங்கள். "ஃபேன் குடிச்சிடுச்சு" என்று ஒரு பிள்ளை சொல்லும். சிரிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். அப்படியானால் ஃபேன் இல்லாத ஜன்னலில் எப்படிக் காய்ந்தது என்று திருப்பிக் கேளுங்கள். இன்னொன்று, "கீழே சொட்டிடுச்சு" என்னும். அதுவும் நல்ல ஊகம்தான். அடியில் ஒரு தட்டு வைத்துப் பார்க்கலாமே! ஆவியாதல் என்ற சொல்லுக்கு இப்போது அவசரம் இல்லை. துணியை ஒட்டியிருக்கும் ஈரக் காற்றை விசிறி தள்ளிவிடுகிறது, மூடிய டப்பாவில் அது வெளியே போக வழியில்லை. இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். பிள்ளை சொன்னதை, தமிழோ இந்தியோ, சொன்னபடியே அந்தக் கைக்குட்டையின் படத்துக்குக் கீழே எழுதி வையுங்கள். முதல் தடவை நீங்களே வீட்டில் செய்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.

விதை முளைக்க வைக்கவும் ஆசைப்படுவீர்கள். ராஜ்மா வேண்டாம், பச்சையாகக் கடித்தால் வயிற்றைக் கெடுக்கும். பாசிப்பயறு ஓரிரண்டு நாளிலேயே முளைவிடும். ஆனால் அதுவும் மூக்குக்குள் போகிற சைஸ்தான், ஒரு கண் வையுங்கள்.

நீங்கள் கேட்ட வொர்லி நேரு சயின்ஸ் சென்டர் நல்ல இடம், 1985-லிருந்து இருக்கிறது. இந்த வயதுக்கு வெளியே உள்ள பூங்காவே போதும், ஆனால் அது சுற்றுலா. புராஜெக்டுக்குப் பதில் ஆகாது.

பிரின்சிபால் யோசித்தால் 2020 தேசியக் கல்விக் கொள்கையைக் காட்டுங்கள். 3 முதல் 8 வயது வரை ஒரே கட்டம், விளையாட்டும் செயல்பாடுமாகக் கற்க வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. கண்காட்சி அன்று மனப்பாட வசனம் எதுவும் வேண்டாம். நியூஸ்பேப்பர் தடங்களையும் கிளிப் குத்திய படங்களையும் சுவரில் ஒட்டிவிட்டு, வருகிற பெற்றோர் கையிலும் ஒரு கிளிப் கொடுங்கள். அவர்களும் ஊகம் சொல்லட்டும்.

அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அக்டோபர் வெயில் வந்ததும் அதே கைக்குட்டைகளை அதே இடங்களில் மறுபடி போட்டு, இரண்டு மாதத்துத் தடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.