போனிலேயே பால் அளப்பவர்களை நம்பாதே

நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஏழாம் மாதம் நடக்கிறது, மருத்துவமனைப் படிவத்தில் ‘லாக்டேஷன் கன்சல்டன்ட் (பாலூட்டல் ஆலோசகர்) வேண்டுமா’ என்று கேட்டிருக்கிறார்கள், அது தேவையா, பணம் பறிக்கிற வேலையா என்று கேட்டிருக்கிறாய். கூடவே அம்மாவுக்கு விசா, குளிருக்குக் கோட்டு, இட்லி அரிசி என்று ஒரு பட்டியல். அரிசி கிடைக்கும். கோட்டை முதல் பனி விழுந்ததும் நீயே ஓடிப்போய் வாங்குவாய். விசாவைப் பற்றி என்னிடம் கேட்காதே, வயிறு எரியும். அக்கா என்று அழைத்துவிட்டாய், சொந்த ஊர் தண்டையார்பேட்டை என்றும் சொல்லிவிட்டாய். நீ என்றே எழுதுகிறேன்.

இதை எழுதுவது பழைய வண்ணாரப்பேட்டையில், அம்மா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து. அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உள்ளே பால்சுறாப் புட்டு வாசனை. விடியற்காலையிலேயே காசிமேட்டுக்கு ஆள் அனுப்பி வாங்கிய மீன். பிள்ளை பெற்றவளுக்கு இங்கே ஒரு தெருவே காவல் இருக்கிறது. உனக்கு அங்கே ஒரு கணவர், ஒரு போன், ஒரு ஹீட்டர். அதனால் படிவத்தில் ‘ஆம்’ என்று போடு.

என் மகளும் அமெரிக்காவில்தான் பிறந்தாள், 2010 ஜனவரியில். அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் ஆலோசகர் ஒருவர் வந்தார், ஒரு தாளைக் கொடுத்தார், எல்லாம் சரியா என்றார். சரி என்றேன். நம் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால் வேறு என்ன சொல்லிப் பழக்கம்? ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். நான்காம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. காம்பு வெடித்து ரத்தம். மகள் வாய் வைத்தாலே என் கால் விரல்கள் மடங்கும். போனில் பெரியம்மா, “உனக்குப் பால் போதவில்லை, பவுடர் கரைத்துக் கொடு” என்றாள். கடல் தாண்டி இருந்துகொண்டு எந்தப் படியால் அளந்தாளோ! ஒன்பதாம் நாள் குழந்தை மருத்துவர் எடை பார்த்து முகம் சுளித்தார். பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது இயல்புதான். ஆனால் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். என் மகளுக்கு ஏறுகிற அறிகுறியே இல்லை. அவர்தான் வேறொரு பாலூட்டல் ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்த அம்மாள் ஒன்றரை மணி நேரம் இருந்தார். முதலில் கேள்விகள்: எப்படிப் பிரசவம், ரத்தம் அதிகம் போனதா, தைராய்டு உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை டயபர் நனைகிறது. கையுறை போட்ட விரலைக் குழந்தையின் வாயில் விட்டு நாக்கின் அடியில் பார்த்தார். பிறகு ஒரு சின்னத் தராசு. உடுத்திய துணியோடு மகளை எடை போட்டு, “உன் வழக்கப்படி கொடு” என்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து அதே துணியோடு மறுபடி எடை. ஏறியது 16 கிராம். அந்த இருபது நிமிடத்தில் குழந்தை குடித்த பால் அவ்வளவுதான்.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா? காம்பைக் குழந்தையின் வாய்க்கு நேராக வைத்து, பிடரியில் கை வைத்து அமுக்கினேன். பிடரியை அமுக்கினால் குழந்தை பின்னுக்குத்தான் தள்ளும். “காம்பு மூக்குக்கு நேராக இருக்கட்டும், குழந்தையின் வயிறு உன் வயிற்றில் ஒட்டட்டும், கொட்டாவி போல வாய் திறக்கும்வரை பொறு” என்றார். திறந்ததும் தோளோடு சேர்த்து இழுத்தார். தாடை புதைந்தது, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்ப்பக்கம் நிறைய வாய்க்குள் போனது. விழுங்குகிற சத்தம் அப்போதுதான் முதல்முறையாக என் காதில் விழுந்தது. அடுத்த எடையில் 48 கிராம். மூன்று வேளைக்கு ஒன்றாக அழுதேன்.

அன்றைக்கு நூற்றைம்பது டாலர், எங்கள் கையிலிருந்து. 2012 ஆகஸ்டிலிருந்து அங்கே பெரும்பாலான காப்பீடுகள் பாலூட்டல் ஆலோசனையையும் பால் எடுக்கும் பம்ப்பையும் தனிக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இப்போதே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, தங்கள் பட்டியலில் உள்ள ஆலோசகர்கள் யார் என்று கேட்டு வாங்கி வை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கஸ்டமர் கேர் இசை கேட்க முடியாது. பெயருக்குப் பின்னால் ஐ.பி.சி.எல்.சி. (IBCLC) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா பார். தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு உரியது. சிறு பயிற்சி முடித்தவர்களும் ஏறக்குறைய அதே பெயரில் உலவுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே பால் பெருகும் என்று பொடியும் பிஸ்கட்டும் விற்பவரிடம் இரண்டாம் தடவை போகாதே. காய்ச்சலோடு மார்பு சிவந்து வலித்தால் ஆலோசகருக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடு. கொஞ்ச நாள் பவுடர் பால் தேவை என்று நல்ல ஆலோசகரே சொன்னால் கேள், அது பாவமில்லை. நடு இரவில் சந்தேகம் வந்தால் எண்ணு: ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்க வேண்டும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு டயபராவது நனைய வேண்டும்.

அங்குள்ள நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் எங்கே என்பார்கள். தண்டையார்பேட்டை என்றதும் ஒரு புன்னகை, அதற்குமேல் பேச்சில்லை. அவர்களில் ஒருத்திகூட எனக்கும் காம்பு வெடித்தது என்று ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் பால் ஆறாக ஓடியதாம். வருடங்கள் கழித்து ஒரு வளைகாப்பில், பாத்திரம் கழுவும்போது, மூன்று பேர் ஒவ்வொருவராக உண்மையைச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு விசா கிடைத்து வரும்போது மகளுக்கு எட்டு மாதம். தராசுக் கதையைச் சொன்னேன். “பால் கொடுக்க எடை போட்டாயா, நகைக் கடையா அது?” என்று சிரித்தாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ராயபுரம் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த மீன்காரப் பெண்ணாம். ஐந்தாவது பிரசவம் அவளுக்கு. கேட்காமலே எழுந்து வந்து, என் அக்காவைத் தூக்கி அம்மாவின் மார்பில் சரியாக வைத்துவிட்டு, “இப்படிப் பிடி, எருமை” என்று திட்டிவிட்டுப் போனாளாம். காசு வாங்கவில்லை.

நேற்று இரவு அக்கா மகள் அழுதுகொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “வாய்க்கு நேராக வைக்காதே, மூக்குக்கு நேராக வை, கொட்டாவி விடட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவருகில் நிற்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.