புதுச் சம்ப்பில் சென்ட்ரிங் பிரிக்க ஆளை இறக்கும் முன்

கேள்வி: வீட்டு முன்புறம் 12,000 லிட்டர் சம்ப் கட்டி, மேல்தளம் போட்டு 20 நாள் ஆகிறது. உள்ளே இறங்கி சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டுக் கம்பும்) பிரிக்க இரண்டு பேர் வருகிறார்கள். 'புதுத் தொட்டிதானே, விஷவாயு எப்படி இருக்கும்?' என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. காற்றை அளந்து பார்க்கும் வரை யாரையும் இறங்க விடாதீர்கள்.

தளத்தின் வலுவைப் பற்றிக் கவலை வேண்டாம். 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டுகளை எடுக்க, சாதாரண சிமென்ட் என்றால் 7 நாள் போதும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரநிலை. பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குக் கூடுதல் நாள் வேண்டும். உங்களுக்கு 20 நாள் ஆகிவிட்டது. ஆனால் நாள் கூடக்கூடத் தளம் இறுகும், உள்ளே இருக்கும் காற்றோ கெடும். க்யூரிங்குக்கு (கான்கிரீட் இறுக) ஊற்றிய தண்ணீரில் ஊறிய பலகையிலும் சவுக்கு முட்டிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, அடைபட்ட ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. அது காற்றைவிடக் கனம் என்பதால் அடியிலேயே தங்கிவிடும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 10க்குக் கீழே போனால் நினைவு தப்பும். 6க்குக் கீழே சில நிமிடங்களில் உயிர் போகும். வாடையே இல்லாததால், முட்டுக் கம்பைத் தட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்த பிறகுதான் மேலே நிற்பவருக்குத் தெரியும். அவரைத் தூக்கக் குதிப்பவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தால்தான் சுடர் அணையும். மனிதர் இறங்க 19.5 வேண்டும். எரியும் வாயு ஏதும் இருந்தால் வெடிக்கவும் செய்யும்.

மூடியை முந்தின நாளே திறந்து வையுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. அடியில் நிற்கும் தண்ணீரை மேலிருந்தே இறைத்துவிடுங்கள். பெட்ரோலில் ஓடும் பம்பை உள்ளே இறக்கக் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடே ஆளைக் கொல்லும். மின்மோட்டார் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக இணையுங்கள், ஆள் இறங்கும் முன் அதை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு புளோயரின் குழாயை அடித்தரையிலிருந்து ஓரடி உயரம் வரை இறக்கி, வெளிக்காற்றை உள்ளே ஊதுங்கள். வாய்ப்பக்கம் டேபிள் ஃபேன் வைத்தால் காற்று அடிவரை போகாது. உங்கள் தொட்டி 12 கன மீட்டர். உள்ளிருக்கும் காற்று 20 தடவை மாற 240 கன மீட்டர் ஊத வேண்டும். நிமிடத்துக்கு 20 கன மீட்டர் தள்ளும் புளோயருக்கு 12 நிமிடம். குழாய் வளைவில் வேகம் குறையும், அரை மணி நேரம் ஓட விடுங்கள். வேலை முடியும் வரை நிறுத்தக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனை வேண்டவே வேண்டாம். சிறு பொறியும் பெருந்தீயாகும்.

நான்கு வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும் இரண்டிரண்டு நிமிடம் பிடியுங்கள். மூன்றிலும் ஆக்சிஜன் 19.5க்கு மேல் இருந்து, எந்த வாயுவுக்கும் அலாரம் அடிக்காவிட்டால் ஒருவர் மட்டும் இறங்கலாம். மீட்டர் அவர் சட்டையிலேயே இருக்கட்டும். முழு உடல் ஹார்னஸ் (பாதுகாப்புப் பட்டை) போட்டு, முதுகு வளையத்துக் கயிறு மேலே முக்காலியில் பொருத்திய வின்ச்சில் (கயிற்றைச் சுருட்டித் தூக்கும் கருவி) இருக்க வேண்டும். மேலே நிற்பவருக்கு அந்தக் கயிறு தவிர வேறு வேலை கூடாது. கீழே இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் வின்ச்சால் தூக்கி, 101க்கும் 108க்கும் அழையுங்கள். யாரும் இறங்க வேண்டாம்.

அடுத்து செப்டிக் டேங்க் கட்டுவதாக இருந்தால் மேல்தளத்தை வெளியே துண்டு துண்டாக வார்த்து, செயின் பிளாக்கால் (சங்கிலிக் கப்பி) தூக்கி வைத்து மூடச் சொல்லுங்கள். பிரிக்க உள்ளே சென்ட்ரிங்கே இருக்காது.