மகனுக்குச் சபையில் இடமுண்டா?

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் என் மகன், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று கிறிஸ்மஸ் லீவில் சொன்னான். அவனுக்கு இராப்போசனம் (ஆராதனையில் பகிரும் அப்பமும் ரசமும்) கொடுக்கக்கூடாது என்கிறார் எங்கள் சபை மூப்பர். வெளிநாட்டு பிரஸ்பிட்டேரியன் சபைகள் ஏற்கின்றன என்கிறான் மகன். உண்மையா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: உண்மைதான் அம்மா. பிரஸ்பிட்டேரியன் என்றால் போதகர்களும் மூப்பர்களும் மன்றமாகக் கூடி நடத்தும் புரட்டஸ்தாந்து சபை. அமெரிக்காவின் மிகப்பெரிய பிரஸ்பிட்டேரியன் சபை, தன்பாலீர்ப்பாளர்கள் போதகராகவும் மூப்பராகவும் வர 2011இல் வழிவிட்டது. 2015இல் திருமணத்தையும் அனுமதித்தது. மேலிருந்து வந்த உத்தரவல்ல அது. பிரதேச மன்றங்களில் போதகர்களும் மூப்பர்களும் வாக்களித்து எடுத்த முடிவு. அதை ஏற்காமல் பிரிந்துபோன சபைகளும் உண்டு.

தோட்டத்துரைமார் காலத்தில் நம் மலைநாட்டுக்கு வந்த ஸ்கொட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையும் 2022இல் தன் போதகர்கள் ஒருபாலினத் திருமணம் நடத்த அனுமதித்தது. விரும்பாத போதகரைக் கட்டாயப்படுத்தவில்லை.

சரி, உங்கள் சபை? இராப்போசன மேசை ஆண்டவருடையது, மூப்பருடையதல்ல. சீடன் பேதுரு தன்னை மறுதலிப்பான் என்று தெரிந்தும் அவனோடு அப்பம் பிட்டவர் அவர். போதகரிடம் நேரில் பேசுங்கள், முதலில் மகனின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு. இது முக்கியம். தன்பாலுறவைக் குற்றமாக்கும் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் பிரிட்டிஷ் காலத்திலிருந்து இருப்பவை. அவற்றைத் திருத்தி அந்தக் குற்றத்தை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் லயத்தில் ஒரு வீட்டில் சொன்னது பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். யாருக்குச் சொல்வது என்பதை அவனே தீர்மானிக்கட்டும். அடுத்த ஞாயிறு அவன் வந்தால், உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.