புதிதாகக் கட்டிய வீட்டின் முன்னால் தோட்டம் போட எங்கிருந்து தொடங்குவது?

செடி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதல் வேலை மண்ணில்தான். கட்டட வேலை நடந்த இடத்தில் லாரி ஏறி இறங்கி மண் இறுகிப்போயிருக்கும். அஸ்திவாரம் தோண்டிய அடிமண்ணை மேலேயே பரப்பியிருப்பார்கள். அதற்குள் செங்கல் துண்டு, காய்ந்த சிமென்ட் கலவை, கட்டுக்கம்பி எல்லாம் புதைந்து கிடக்கும். சிமென்ட் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, தளிர் இலை மஞ்சளாகும். இதற்குப் பலர் உரத்தைக் கொட்டுகிறார்கள், பலன் இருக்காது.

ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். நாள் முழுக்கத் தேங்கி நின்றால் வடிகால் சரியில்லை. இடிபாடுகளைப் பொறுக்கிவிட்டு, முக்கால் அடியாவது கொத்திக் கிளறி, இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மட்கிய உரம் பரப்பிக் கலந்துவிடுங்கள். சேறாக இருக்கும்போது மட்டும் கிளறாதீர்கள், கட்டிதட்டிவிடும்.

தரை வீட்டைவிட்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும். சுவரிலிருந்து பத்து அடிக்கு அரை அடி இறக்கம் போதும். சுவரையொட்டி மண்ணைக் குவித்தால் சுவரில் ஈரம் ஏறும்.

பிறகு நடைபாதை, அதன் பிறகே செடி. மரம் வைப்பதாக இருந்தால், அது முழுதாக வளர்ந்தபின் எவ்வளவு பரவும் என்று கேட்டுக்கொண்டு இடம் விடுங்கள். கழிவுநீர்க் குழாய் போகும் தடத்தை இப்போதே வரைந்து வையுங்கள். அதன் மேல் மரம் வேண்டாம்.